கொலைகாரனின் மனதைத் தடயத்திலிருந்து வரைய முடியுமா? ப்ரொஃபைலிங் ஆராய்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுக்கிறேன். குற்ற உளவியல் பாடம் தொடங்கும் வாரத்தில் வகுப்பில் எழும் கேள்விகள் வருஷா வருஷம் ஏறக்குறைய ஒன்றேதான். அவற்றையும், படித்து முடித்துக் காவல்துறைக்கும் வக்கீல் தொழிலுக்கும் போன பழைய மாணவர்கள் போன் செய்து கேட்டவற்றையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ப்ரொஃபைலிங் என்றால் சரியாக என்ன?

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்தவற்றையும், குற்றம் செய்யப்பட்ட விதத்தையும் வைத்து, இன்னும் யாரென்று தெரியாத ஆளைப் பற்றி ஊகிப்பது. அவனுக்கு என்ன வயது இருக்கும், என்ன வேலை பார்ப்பான், கல்யாணமானவனா, பழைய வழக்கு உண்டா, எப்படிப்பட்ட சுபாவம் என்று ஒரு சித்திரம் வரைந்து விசாரணை அதிகாரியிடம் கொடுப்பார்கள். வரைபவருக்கு ப்ரொஃபைலர் என்று பெயர்.

பிடிபட்ட ஒருவரை உட்காரவைத்துப் பேசி, சோதனைகள் கொடுத்து அவர் மனநிலையை மதிப்பிடுவது வேறு வேலை. அங்கே ஆள் எதிரில் இருக்கிறார். ப்ரொஃபைலிங்கில் ஆளே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சந்தேகங்கள் வருகின்றன.

இது எங்கே தொடங்கியது?

இன்று நாம் அறிந்த வடிவம் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யில் உருவானது. 1972-இல் வர்ஜீனியா மாநிலத்தில் உள்ள குவாண்டிகோ பயிற்சி மையத்தில் நடத்தை அறிவியல் பிரிவு தொடங்கப்பட்டது. ஹோவர்ட் டெட்டன், பேட்ரிக் முல்லனி ஆகியோர் முதலில் பாடம் நடத்தினார்கள். பின்னால் வந்த ராபர்ட் ரெஸ்லரும் ஜான் டக்ளஸும் சிறைச்சாலைகளுக்கே போய்க் கொலையாளிகளைச் சந்தித்துப் பேசினார்கள். அந்தப் பேட்டிகளை ஆராய்ச்சியாக ஒழுங்குபடுத்தியவர் ஆன் பர்கஸ் என்ற மனநல செவிலியர், பேராசிரியர். கதை சொல்லும்போது அவர் பெயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பேட்டிகள்தானே இதற்கு அறிவியல் அடிப்படை?

மொத்தம் 36 பேர். எல்லோரும் பாலியல் நோக்கத்தோடு கொலை செய்து சிறையில் இருந்தவர்கள். அந்த 36 பேரும் பேச ஒப்புக்கொண்டவர்கள். பேச மறுத்தவர்களைப் பற்றியும், பிடிபடாதவர்களைப் பற்றியும் இதிலிருந்து ஒன்றும் தெரியாது. சிறுவயதில் அடிவாங்கினேன், தனிமையில் வளர்ந்தேன் என்று ஒருவர் சொன்னால், அதே மாதிரி வளர்ந்தும் யாரையும் தொடாமல் வாழ்பவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மறுகுழு வேண்டும். அது இல்லை. அப்புறம், இவர்களில் சிலர் பொய் சொல்வதில் கைதேர்ந்தவர்கள்.

முன்பின் தெரியாத நிலத்தில் முதல் அடி எடுத்துவைத்த முயற்சி என்ற மரியாதை அதற்கு உண்டு. ஆனால் 36 பேரின் பேச்சை வைத்து, நாளை எங்கோ நடக்கப்போகும் கொலைக்கு ஆள் அடையாளம் சொல்லலாம் என்று தாவியது பெரிய தாவல்.

திட்டமிட்டுக் கொல்பவன், தாறுமாறாகக் கொல்பவன் என்று இரண்டு வகை உண்டாமே?

எஃப்.பி.ஐ. பிரபலமாக்கிய பிரிவு அது. முதல் வகைக்காரன் புத்திசாலி, வேலையில் இருப்பான், ஆயுதத்தைக் கையோடு கொண்டுவந்து கையோடு கொண்டுபோவான். இரண்டாம் வகைக்காரன் தனியாள், கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பான், உடலை அப்படியே போட்டுவிட்டு ஓடுவான். கேட்கும்போதே மனதில் ஒட்டிக்கொள்ளும். பல நாட்டுக் காவல்துறைப் பயிற்சிகளிலும் இது நுழைந்துவிட்டது.

2004-இல் டேவிட் கேன்டரும் அவருடைய குழுவினரும் இதைச் சோதித்தார்கள். அமெரிக்கத் தொடர் கொலைகாரர்கள் 100 பேர், ஆளுக்கு ஒரு கொலை, ஒவ்வொன்றிலும் 39 கூறுகள் இருந்தனவா இல்லையா என்று குறித்தார்கள். இரண்டு வகை உண்மையென்றால் முதல் வகைக் கூறுகள் ஒன்றாகச் சேர்ந்து வரவேண்டும், இரண்டாம் வகைக் கூறுகள் தனியாக ஒன்றுசேர வேண்டும். அப்படி வரவில்லை. திட்டமிட்ட தன்மையைக் காட்டும் சில கூறுகள் பெரும்பாலான கொலைகளில் பொதுவாகவே இருந்தன. தாறுமாறுக் கூறுகளோ இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக்கிடந்தன, ஒரு வகையாகத் திரளவில்லை.

செய்கையை வைத்து ஆளைச் சொல்லலாம் என்ற எண்ணமாவது சரியா?

இதுதான் முழு விஷயத்துக்கும் அச்சாணி. ஒரே மாதிரி குற்றம் செய்பவர்கள் ஒரே மாதிரி ஆட்களாக இருப்பார்கள் என்பது ப்ரொஃபைலிங்கின் அடித்தளம். அது ஆடினால் மேலே கட்டியதெல்லாம் ஆடும்.

ஆண்ட்ரியாஸ் மோக்ரோஸ், லாரன்ஸ் அலிசன் இருவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வை வகுப்பில் நான் கரும்பலகையில் படம் போட்டுத்தான் சொல்வேன். பிரிட்டனில், முன்பின் தெரியாத பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய ஆண்கள் 100 பேர். குற்றத்தின்போது ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்று 28 செய்கைகளைப் பட்டியலிட்டார்கள். இப்போது எந்த இரண்டு பேரை எடுத்தாலும், அவர்கள் செய்கைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று ஒரு எண் கிடைக்கும். அதே இருவரின் வயது, கல்வி, வேலை, பழைய வழக்குகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று இன்னொரு எண் கிடைக்கும். முதல் எண் கூடினால் இரண்டாவதும் கூட வேண்டும். கூடவில்லை. ஒரே மாதிரி நடந்துகொண்ட இருவர், மற்ற எந்த இருவரையும்விட அதிகமாக ஒத்திருக்கவில்லை.

உளவியலைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. மனிதர்கள் சூழ்நிலைக்குத் தகுந்தபடி மாறுகிறார்கள் என்பதை வால்டர் மிஷல் 1968-லேயே விரிவாக எடுத்துக்காட்டினார். பாதிக்கப்பட்டவர் கத்தினாரா, யாராவது வந்துவிட்டார்களா, இருட்டா வெளிச்சமா, குற்றவாளி குடித்திருந்தானா என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்த இடத்தில் நடந்ததை முடிவு செய்கின்றன. கிடைத்த தடயத்தில் எவ்வளவு பங்கு அவனுடைய குணம், எவ்வளவு பங்கு அந்த நேரத்துச் சூழல் என்று பிரித்தெடுக்க வழி இல்லை.

அனுபவம் வாய்ந்த ப்ரொஃபைலர்கள் மற்றவர்களைவிட நன்றாகக் கணிப்பார்கள் அல்லவா?

சோதித்திருக்கிறார்கள். தீர்ந்துபோன ஒரு வழக்கின் விவரங்களைக் கொடுத்து, குற்றவாளியைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதச் சொல்வது வழக்கமான முறை. உண்மை ஏற்கெனவே தெரியும் என்பதால் மதிப்பெண் போட முடியும்.

1990-இல் பினிசோட்டோ, ஃபிங்கல் இருவரும் செய்த ஆய்வில் 28 பேர் கலந்துகொண்டார்கள். பாலியல் குற்ற வழக்கில் ப்ரொஃபைலர்கள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். கொலை வழக்கில் அந்த முன்னிலை இல்லை. பிறகு ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் கோக்சிஸ் குழு 2002-இல் வெளியிட்ட சோதனையில், வேதியியல் படிக்கும் இளங்கலை மாணவர்கள் அனுபவம் மிக்க துப்பறியும் அதிகாரிகளைவிடச் சரியாகக் கணித்தார்கள். விசாரணை அனுபவம் இருந்தால் கணிப்பு தானாகக் கூர்மையாகும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கசப்பான முடிவு.

2007-இல் பிரென்ட் ஸ்னுக் குழுவினர் இப்படிப்பட்ட ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோட்டார்கள். மொத்த மதிப்பெண்ணில் ப்ரொஃபைலர்களும் அனுபவசாலிகளும் மயிரிழை முன்னால் நின்றார்கள். உடல் அடையாளம், சிந்தனைப் போக்கு, சமூகப் பழக்கம், குற்றச் செய்கை என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது அந்த முன்னிலை காணாமல் போனது. இந்தச் சோதனைகளில் கலந்துகொண்ட ப்ரொஃபைலர்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். சோதனைக்கு உட்பட அவர்களில் பலர் முன்வரவில்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் பாதையில் தன் வார்த்தை பயன்படப்போகிறது என்றால், அந்த வார்த்தையைச் சோதனைக்கு வைக்கும் கடமை உண்டு என்பது என் கருத்து.

போலீஸ்காரர்களே பயனுள்ளது என்கிறார்களே?

ஆமாம், சொல்கிறார்கள். 1995-இல் பிரிட்டனில் கேரி காப்சன் 184 வழக்குகளின் அதிகாரிகளைக் கேட்டபோது 82.6 சதவீதத்தினர் பயனுள்ளதாக இருந்தது என்றார்கள். வழக்கைத் தீர்க்க உதவியதா என்று கேட்டதும் அது 14.1 சதவீதமாக இறங்கியது. குற்றவாளியை அடையாளம் காண உதவியதா என்றால் வெறும் 2.7 சதவீதம்.

82-க்கும் 2-க்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் பிள்ளைகளுக்குப் புரியவைக்க மிகவும் மெனக்கெடுகிறேன். வகுப்பில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஆளுக்கு அரைப்பக்கம் கையெழுத்தில் எழுதித்தரச் சொல்வேன். ஒரு வாரம் கழித்து, அவரவர் பெயர் எழுதிய கவரில் 'உங்கள் குணநலன்' என்று ஒரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்வேன். நாலும் ஐந்துமாக விழும். போன வருஷம் ஒரு மாணவி கண் கலங்கிவிட்டாள். "வெளியில் தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் பல நேரம் தயங்குகிறீர்கள்" என்ற வரி தன்னைத்தான் சொல்கிறது என்றாள். பக்கத்தில் இருந்தவளிடம் தாளை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். இரண்டிலும் அதே வரி, அதே இடத்தில். அறுபது கவரிலும் ஒரே தாள்.

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேரிடம் செய்த சோதனை இது. சராசரி 4.26 வந்தது. அவர் பல வரிகளை எடுத்தது கடையில் விற்ற ஜோசியப் புத்தகத்திலிருந்து. கிளி எடுத்துக்கொடுக்கும் சீட்டில் நம் கதையே எழுதியிருப்பதாகத் தோன்றுவதும் இதனால்தான்.

இனி ப்ரொஃபைலுக்கு வருவோம். "பெண்களோடு இயல்பாகப் பழகத் தெரியாதவன், கோபத்தை அடக்கிவைத்திருப்பவன், ஒரு வேலையில் நிலைக்காதவன்" என்று எழுதினால் எத்தனை ஆயிரம் பேருக்குப் பொருந்தும்? 2003-இல் அலிசன் குழுவினர் உண்மையான ஒரு ப்ரொஃபைலை எடுத்து, போலீஸ் அதிகாரிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு உண்மைக் குற்றவாளியின் விவரம். மற்றதற்கு, அவனோடு பல விதத்தில் மாறுபட்ட ஒரு கற்பனை ஆளின் விவரம். ப்ரொஃபைல் எவ்வளவு துல்லியம் என்று கேட்டார்கள். இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நன்றாகப் பொருந்துகிறது என்றன.

அதே ஆண்டு அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், நிஜ வழக்குகளுக்காக எழுதப்பட்ட 21 ப்ரொஃபைல்களை வரி வரியாகப் பிரித்தார்கள். கிட்டத்தட்ட 4,000 கூற்றுகள். அவற்றில் 80 சதவீத அளவுக்கு, ஏன் அப்படிச் சொல்கிறோம் என்ற காரணம் எதுவும் கொடுக்கப்படவில்லை.

நியூயார்க் குண்டு ஆசாமியை மனநல மருத்துவர் சட்டைப் பொத்தான் வரைக்கும் சொன்னாரே?

1940 முதல் பல ஆண்டுகள் நியூயார்க்கில் குண்டு வைத்த ஜார்ஜ் மெட்டெஸ்கியின் கதை. 1956-இல் ஜேம்ஸ் பிரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், பிடிபடும்போது அவன் இரட்டை வரிசைப் பொத்தான் கோட் அணிந்து, பொத்தான்களைப் போட்டிருப்பான் என்று சொன்னதாகக் கதை. 1957 ஜனவரியில் பிடிபட்டபோது அவன் இரவு உடையில் இருந்தான். உடை மாற்றி வந்தபோது அந்த மாதிரிக் கோட். கதையைப் பெரிதும் பரப்பியது, பிரஸ்ஸலே 1968-இல் எழுதிய நினைவுக் குறிப்புகள். சரியாக வந்தவை கதையில் நிலைத்தன.

ஆளைக் கண்டுபிடித்தது ஆலிஸ் கெல்லி. கான் எடிசன் மின் நிறுவனத்தின் அலுவலக ஊழியர். வேலையில் அடிபட்டு இழப்பீடு மறுக்கப்பட்டவர்களின் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகப் புரட்டி, குண்டுக் கடிதங்களில் வந்த அதே சொற்றொடர் ஒரு கோப்பில் இருப்பதைக் கவனித்தார்.

சரி, தப்பாகப் போனால்தான் என்ன? ஒரு ஊகம்தானே?

1992 ஜூலை 15. லண்டன் விம்பிள்டன் திடலில், இரண்டு வயது மகனின் கண்ணெதிரே ரேச்சல் நிக்கல் என்ற இளம் தாய் குத்திக் கொல்லப்பட்டார். பால் பிரிட்டன் என்ற உளவியலாளர் ப்ரொஃபைல் வரைந்தார். அதற்குப் பொருந்துவதாகத் தோன்றிய, அந்தப் பகுதியில் நாயோடு நடக்கும் ஒருவர் மீது போலீஸ் பார்வை விழுந்தது. அவருக்கு எதிராகத் தடயம் எதுவும் இல்லை. அதனால் ஒரு பெண் போலீஸ் அதிகாரி வேறு பெயரில் அவரோடு நட்பாகி, மாதக்கணக்கில் கடிதம் எழுதி, காதல் ஆசை காட்டி, வன்முறைக் கற்பனைகளைப் பேசவைக்க முயன்றார். கொலை செய்ததாக அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. ஆனாலும் கைது செய்தார்கள். ஓராண்டுக்கு மேல் சிறையில் கிடந்தார். 1994 செப்டம்பரில் நீதிபதி ஓக்னல் அந்தச் சாட்சியத்தை ஏற்க முடியாது என்று கடுமையாகச் சொன்னதும் வழக்கு விழுந்தது. வெளியே வந்தும் பல வருஷம் ஊர் அவரைக் கொலைகாரனாகவே பார்த்தது.

உண்மையில் கொன்றவன் ராபர்ட் நேப்பர். 1993 நவம்பரில் இன்னொரு தாயையும் அவருடைய நான்கு வயது மகளையும் கொன்றான். மேம்பட்ட டி.என்.ஏ. சோதனையில் சிக்கி, 2008 டிசம்பரில்தான் நிக்கல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். 1989-லேயே அவனுடைய தாய் போலீசுக்குப் போன் செய்து, தன் மகன் ஒரு பெண்ணைப் பலாத்காரம் செய்ததாகச் சொன்னான் என்று தெரிவித்திருந்தார். அந்தத் தகவல் எந்த வழக்கோடும் பொருத்திப் பார்க்கப்படாமல் போனது. வேறு பாலியல் தாக்குதல்கள் தொடர்பாக 1992-இல் ரத்த மாதிரி கொடுக்க இரண்டு முறை கூப்பிட்டும் அவன் வரவில்லை. தேடப்படுபவனைவிட உயரம் அதிகம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த நான்கு வயதுக் குழந்தையை நினைக்காமல் இந்தப் பாடத்தை என்னால் நடத்த முடிவதில்லை. தவறான சித்திரம் ஒரு நிரபராதியை வதைப்பதோடு, தேடும் கண்ணை வேறு பக்கம் திருப்பியும் விடுகிறது.

அப்படியானால் எதுவுமே பயனில்லையா?

அப்படிச் சொல்லமாட்டேன். கேள்வி சின்னதாக ஆக, பதில் உறுதியாகிறது.

வீட்டை உடைத்து உள்ளே புகுந்து பாலியல் தாக்குதல் செய்தவனுக்குப் பழைய திருட்டு வழக்கு இருக்கும் வாய்ப்பு கூடுதல் என்று 1997-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று காட்டியது. இதில் மனதைப் படிக்கும் வித்தை இல்லை. ஆனால் எந்தப் பதிவேட்டை முதலில் எடுப்பது என்று அதிகாரிக்குத் தெரியும்.

இடத்தை வைத்துக் கணிப்பது இன்னும் நன்றாக நிற்கிறது. கேன்டரும் லார்கினும் 1993-இல், தொடர் பாலியல் குற்றவாளிகள் 45 பேரின் குற்ற இடங்களை வரைபடத்தில் குறித்தார்கள். மிகத் தொலைவான இரண்டு புள்ளிகளை விட்டமாக வைத்து வட்டம் போட்டால், பெரும்பாலானோரின் வீடு அதற்குள்ளேயே இருந்தது. கனடாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த கிம் ரோஸ்மோ இந்த வகைக் கணிப்பைக் கணினி மென்பொருளாக வளர்த்தெடுத்தார். ஆனால் மக்களுக்கு இரண்டு எளிய விதிகளைச் சொல்லிக்கொடுத்தாலே கணினிக்கு நிகராகச் செய்கிறார்கள் என்று 2004-இல் ஸ்னுக் குழு காட்டியது. குற்றவாளி வீட்டிலிருந்து ரொம்ப தூரம் போவதில்லை என்பதுதான் அந்த விதிகளின் சாரம்.

தண்டனை முடிந்து வெளியே வருபவர் மறுபடியும் வன்முறை செய்வாரா என்று கணிக்க முடியுமா?

இங்கே ஆள் எதிரில் இருக்கிறார், கோப்பு இருக்கிறது. அதனால் நிலைமை கொஞ்சம் மேல். 2012-இல் சீனா ஃபசல் என்ற ஆய்வாளரின் குழுவினர் 24,827 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். ஆபத்து குறைவு என்று மதிப்பிடப்பட்டவர்கள் பெரும்பாலும் வன்முறையில் இறங்கவில்லை. நடுத்தரம் அல்லது அதிகம் என்று முத்திரை விழுந்தவர்களில் 41 சதவீதத்தினரே வன்முறை செய்தார்கள். மீதிப் பேர் செய்யவில்லை. யாரை விடலாம் என்று சொல்ல இந்தக் கருவிகள் உதவும். யாரை உள்ளேயே வைக்க வேண்டும் என்று இவற்றை மட்டும் நம்பி முடிவெடுப்பது அநியாயம்.

இந்தியாவில் நீதிமன்றம் இதை ஏற்குமா?

'இந்த மாதிரி ஆள்தான் செய்திருப்பான், இவர் அந்த மாதிரி ஆள்' என்பது சாட்சியம் ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட நடத்தை, அவரே தன் நல்ல நடத்தையை முன்வைத்தால் ஒழிய, பொருட்டல்ல என்று 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 54-ஆம் பிரிவு சொன்னது. மனதுக்குள் நுழைந்து பார்க்கும் உண்மை கண்டறியும் சோதனை, நார்கோ சோதனை, மூளை அலைச் சோதனை ஆகியவற்றை ஒருவரின் சம்மதமின்றி நடத்தக்கூடாது என்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010 மே 5 அன்று தீர்ப்பளித்தது. காவல்துறைக்குப் போகும் என் மாணவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பை ஒருமுறையாவது முழுதாகப் படித்துவிட்டுப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. நம் நாட்டில் கொலைக்குக் காரணமாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் முதலில் பட்டியலிடுவது தகராறும் சொந்தப் பகையும். தெரிந்தவர்களே செய்யும் கொலையில் ப்ரொஃபைலுக்கு வேலையே இல்லை.

அப்படியானால் தொடர் கொலைகாரர்கள் எப்படித்தான் பிடிபடுகிறார்கள்?

பெரும்பாலும் சாதாரண வேலையைச் சரியாகச் செய்த யாரோ ஒருவரால். நியூயார்க்கில் டேவிட் பெர்கோவிட்ஸ் 1977-இல் சிக்கியதற்கு, தவறான இடத்தில் காரை நிறுத்தியதற்கான அபராதச் சீட்டு வழிகாட்டியது.

இங்கிலாந்தின் பீட்டர் சட்க்ளிஃப் 13 பெண்களைக் கொன்றவன். ஒரு போலி ஒலிநாடாவை நம்பி, கொலைகாரன் சண்டர்லேண்ட் வட்டாரப் பேச்சு பேசுபவன் என்று முடிவுகட்டித் தேடியதில், ஒன்பது முறை விசாரித்தும் அவனை விட்டுவிட்டார்கள். 1981 ஜனவரி 2 இரவு, ஷெஃபீல்டில் ரோந்து போன இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு காரின் நம்பர் பிளேட் போலி என்று கண்டு அதில் இருந்தவனைப் பிடித்தார்கள். சிறுநீர் கழிக்க வேண்டும் என்று கேட்டு அவன் சற்று ஒதுங்கிவிட்டு வந்தான். அந்த இருவரில் ஒருவரான சார்ஜென்ட் ராபர்ட் ரிங் மறுநாள் பணிக்கு வந்தபோது, அந்த ஆளை இன்னமும் விசாரிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அதே இடத்துக்குத் திரும்பிப் போனார். அங்கே ஒரு சுத்தியலும் ஒரு கத்தியும் கிடந்தன.